நாற்பது வருசத்துக்கு முன்னே, இன்னிக்கு

கரட்டுப்புதூரில் சமுதாய வானொலியை யாரும் வானொலி என்று சொல்வதில்லை. நவமணி என்றுதான் சொல்வார்கள். "நவமணியைக் கொஞ்சம் சத்தமா வையி, கரண்ட் எப்ப வருதுன்னு கேப்போம்" என்பார் இட்லிக்கடைக்காரர். "ரேசன்ல பருப்பு வந்துருச்சுன்னு நவமணியில சொல்லிப்போட்டாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் செய்தி வாசிக்கிறவளின் பெயர் அது. தன் பெயர் ஊருக்குப் பொதுச்சொல்லாகிவிட்டதில் நவமணிக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

காலையில் ‘இந்த நாளில் நம்மூர்’ என்று ஊர் வரலாறு, சாயங்காலம் ஊர்ச்செய்தி. வரலாறு என்றால் ராஜா ராணி கதையல்ல. ஊருக்குள் முதல் பஸ் வந்த அன்று அதில் ஏறப் பயந்து அதன் பின்னாலேயே நடந்து போனவர்கள் யார், சினிமாக் கொட்டகை தீப்பிடித்தபோது டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டவர் யார் என்கிற மாதிரி. எதையும் நாலு பேரிடம் விசாரிப்பாள். நாலு பேரும் ஒன்றே சொன்னால்தான் வாசிப்பாள். ‘நவமணி சொன்னால் நடந்திருக்கும்’ என்று ஊர் நம்பியது அதனால்தான்.

அந்த வருட ஆடிக்காற்றில் நிலையத்தின் ஒலிபரப்புக் கம்பம் சாய்ந்துவிட்டது. புதுக் கம்பத்தை ஊருக்கு மேற்கேயுள்ள இரும்புப்பாறைக் கரடு என்கிற குன்றின் உச்சியில் நட்டார்கள். நட்டவர் சம்சுதீன். நிலையத்தின் இயந்திரங்கள் அத்தனைக்கும் வைத்தியர் அவர்தான். நட்ட மறுநாள் காலை, ஒலிபரப்புத் தொடங்குமுன் சோதனைக்காகக் காதுக்கருவியை மாட்டியவர், அதைக் கழற்றி நவமணியிடம் நீட்டினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அம்மிணி, இதைக் கேளுங்க. நம்ம நிகழ்ச்சிதானுங்க. ஆனா நீங்க இல்லீங்க."

நவமணி கேட்டாள். ஓர் இளம்பெண்ணின் குரல். "வணக்கம். கரட்டுப்புதூர் சமுதாய வானொலியின் ‘இந்த நாளில் நம்மூர்’. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், சந்தைப்பேட்டையில் மந்திரி பேசிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டுக்கிடா மேடையேறி அவர் கழுத்திலிருந்த மாலையைத் தின்றது. மந்திரி கடைசிவரை பேச்சை நிறுத்தவில்லை."

நவமணி சிரித்துவிட்டாள். "ஆருங்க பாய் இந்தப் புள்ளை? ஆட்டுக்கிடா கதையெல்லாம் நான் வாசிச்சதே இல்லையே. மந்திரி இன்னிக்கு மத்தியானந்தானே வர்றாரு?"

மத்தியானம் மந்திரி வந்தார். ஆட்டுக்கிடாவும் வந்தது. சாமந்தி மாலையை அது அடியிலிருந்து மேலே நிதானமாகத் தின்றுகொண்டே போக, மந்திரி நீர்ப்பாசனத்தைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். கூட்டத்தில் நின்ற நவமணியும் சம்சுதீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கரட்டுல நின்னு கத்துனா எதிரொலி வருதுங்கள்ள? சத்தம் பாறையில முட்டித் திரும்புது" என்றார் சம்சுதீன், நிலையத்துக்குத் திரும்பி நடக்கும்போது. "நாம அனுப்புற அலை இங்கெ எதுலயோ முட்டுது. எதுலன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. ஆனா திரும்பி வாறப்ப நாற்பது வருசத்துக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தை இழுத்துட்டு வருது. அந்தப் புள்ளை இன்னும் பொறக்கவே இல்லீங்க அம்மிணி."

"நாற்பது வருசம் கழிச்சும் நம்ம நிலையம் இருக்குதுங்களா!" என்றாள் நவமணி. அவளுக்கு முதலில் தோன்றிய சந்தோஷம் அதுதான்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. காலையில் அந்தப் பெண்ணின் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டால் போதும், அன்று ஊரில் எது நடக்கப்போகிறதோ அந்த இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவாள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் மீசை கழன்று விழுந்தபோது அவள் முதல் வரிசையில் இருந்தாள். காவல் நிலையத்துக்குள் குரங்கு புகுந்து தொப்பியோடு தப்பியபோது அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் தெருப்பெயர்களைத் தப்பும் தவறுமாக உச்சரிப்பாள். "வெளியூர்ப் புள்ளையாட்ட இருக்குது, பழகிக்கும்" என்று நவமணி அவளுக்காகப் பரிந்து பேசுவாள்.

இது எத்தனை நாளைக்கு மறையும்? பேரூராட்சித் தலைவர் குழந்தைவேலு ஒருநாள் காலையில் நிலையத்துக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங் அம்மிணி, எழவு விழுகறதுக்கு முன்னாடியே எழவு வீட்டுக்குப் போயி உக்காந்திருக்கறீங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்க. என்ன சங்கதி?"

மறைக்க முடியவில்லை. காதுக்கருவியை அவரிடம் கொடுத்தார்கள். கேட்டு முடித்தவர் பயப்படவில்லை, ஆச்சரியப்படவில்லை. கண்கள் மட்டும் மின்னின.

"நாற்பது வருசம் கழிச்சுங்களா? அப்ப என்ர பேரு எப்ப வரும்?"

அன்றிலிருந்து தினமும் வந்தார். தனக்கென்று ஒரு காதுக்கருவியும் வாங்கிக்கொண்டார். பெயர் வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போட்டார். அந்தப் பெண், திறப்பு விழாவில் தவில்காரரின் பல்செட் கழன்று தவிலுக்கு மேல் துள்ளியதைச் சொன்னாள். சாக்கடையைத் தூர்வாரினார், அதில் கிடைத்த வெள்ளிக் கொலுசைப் பற்றிச் சொன்னாள். ஒரே ஒருநாள், ‘அப்போதைய பேரூராட்சித் தலைவர்’ என்றாள். குழந்தைவேலு காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போதைய" என்றார். "தவில்காரனுக்குப் பேரிருக்குது, கொலுசுக்காரிக்குப் பேரிருக்குது. நான் அப்போதைய."

நவமணிக்குப் பாவமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஆனாலும் ஊருக்கு நல்லதாகத்தானே நடக்கிறது, கேட்டுக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மீன் மழை வந்தது அதற்கடுத்த வாரத்தில். "நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், நம் ஊர்த் தேர்வீதியில் மீன் மழை பெய்தது. உள்ளங்கை நீளக் கெண்டை மீன்கள்" என்றாள் அந்தப் பெண். வானம் கழுவித் துடைத்த தட்டுப் போல இருந்தது. குழந்தைவேலு குடையோடு தேர்வீதியில் உலாத்தினார். சம்சுதீன் சைக்கிளில் ஓர் அலுமினிய அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். பொழுது சாயும்வரை மீனும் இல்லை, மழையும் இல்லை, ஒரு மேகம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஊர்ச்செய்திக்கு உட்கார்ந்த நவமணிக்கு நாக்கு நமநமத்தது. அந்தப் பெண் இதுவரை ஒன்றுகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இன்று மட்டும் அவளைப் பொய்க்காரி ஆக்குவதா? போகட்டும், ஒரு வரிதானே! "இன்று பிற்பகல் தேர்வீதியில் மீன் மழை பெய்தது. உள்ளங்கை நீளக் கெண்டை மீன்கள்" என்று வாசித்துவிட்டாள்.

ஒலிவாங்கியை அணைத்ததும் சம்சுதீன் கேட்டார். "எங்கெ அம்மிணி பேஞ்சுது?"

"பேயலீங்க பாய்."

"அப்பறம்?"

"அந்தப் புள்ளை சொல்லுச்சு, அதனால சொன்னேன்." சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "பாய்! அந்தப் புள்ளைக்கு இதை ஆருங்க சொன்னது?"

சம்சுதீன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். தினசரி ஒலிபரப்பைப் பதிந்து அதில்தான் அடுக்கி வைப்பார்.

"நம்ம பதிவைக் கேட்டுத்தான் வாசிக்குது" என்றாள் நவமணி. "இங்கெ என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. நான் என்ன சொன்னேங்கறதுதான் தெரியும்."

அவள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. மறுநாள் தேர்வீதியில் ஏழு பேர் மீனைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒருவர் குழம்பு வைத்ததாகவும் புளி தூக்கலாகிவிட்டதாகவும் சொன்னார். நாலு பேரும் ஒன்றே சொன்னால் உண்மை என்று நம்பிவந்தவளுக்கு அன்று முதன்முதலாக அந்த நாலு பேர் மேலேயே சந்தேகம் வந்தது. குழந்தைவேலுவிடம் இந்தப் பதிவு விஷயத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண் சொன்னாள்: "நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், கரட்டுக்குளத்தை மூடி அங்கே வணிக வளாகம் கட்டப் பேரூராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் குழந்தைவேலு."

குழந்தைவேலு எழுந்தே நின்றுவிட்டார். "என்ர பேரு! கேட்டீங்களா அம்மிணி? முழுசாச் சொல்லுது பாருங்க!"

"குளத்தை மூடப்போறீங்களா?" என்றாள் நவமணி.

"நேத்து ராத்திரிவரைக்கும் ரோசனையாத்தானுங்க இருந்துச்சு. நாலு பேரு கத்துவாங்களேன்னு பயம். இப்பத்தான் சரித்திரமே சொல்லுதே, ஒருமனதாகன்னு! இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மன்றக் கூட்டம். வளாகத்துக்கு மேல எட்டடி உசரத்துல என்ர பேரை எழுதிப்போட்டுர்றேன். அதுக்கப்பறம் எவன் அப்போதையன்னு சொல்லுவான்?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளாத குறையாகப் போனார். நவமணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கரட்டுக்குளம் பெரிய அழகெல்லாம் இல்லை. ஒரு கரையில் எருமைகள், ஒரு கரையில் துணி வெளுப்பவர்கள், நடுவில் தாமரை என்கிற பெயரில் கொஞ்சம் ஆகாயத்தாமரை. ஆனால் அதில் தண்ணீர் நிற்பதால்தான் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது. பெயர் பெயர் என்று அந்த மனிதர் அலைந்ததும், காதுக்கருவியைக் கொடுத்து அவரை அலையவிட்டதும் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"நடந்தது நடந்ததுதானுங்க அம்மிணி" என்றார் சம்சுதீன். "அந்தப் புள்ளை சொல்லிப்போட்டா மாத்த முடியாது."

"மாத்த வேண்டாமுங்க பாய்." நவமணியின் முகத்தில் மெதுவாக ஒரு களவாணித்தனம் பரவியது. "அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சோ, அதை நான் ஒரு எழுத்து மாத்தாம வாசிச்சுப்போடறேன். ஆனா கூட்டம் முடிஞ்சு வாசிக்கோணும்னு எவன் சொன்னான்?"

அன்று மூன்று மணிக்கு, பாட்டுக்கு நடுவில், சிறப்புச் செய்தி என்று அறிவித்தாள். கரட்டுக்குளத்தை மூடி வணிக வளாகம் கட்டப் பேரூராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் குழந்தைவேலு. ஒருமுறைக்கு மூன்றுமுறை வாசித்தாள்.

நவமணி சொன்னால் நடந்திருக்கும். ஊர் கிளம்பிவிட்டது. வெளுத்த துணி மூட்டையோடு வந்தார்கள், பாதி சவரம் செய்த கன்னத்தோடு வந்தார்கள். பால் ஊற்றும் மாராத்தாள் தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து பேரூராட்சி அலுவலகத்து வாசற்கம்பியில் வரிசையாகக் கட்டினாள். கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள் எருமைகளின் இடுக்கில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. குழந்தைவேலு வெளியே ஓடிவந்தார்.

"என்னுங் இது அக்கப்போரு? இன்னும் கூட்டமே ஆரம்பிக்கலீங்க!"

"ஆரம்பிக்காமத்தான் தீர்மானம் போட்டீங்களா?" என்றாள் மாராத்தாள். "ஒருமனதா போட்டுப்போட்டீங்கன்னு நவமணியில சொல்லியாச்சு. என்ர எருமையைக் கொண்டுபோயி உங்கூட்டுத் தண்ணித்தொட்டியில முக்கிக்கட்டுமா?"

"நாங்க ஒன்னுமே தீர்மானிக்கலீங்க! அது பொய்யிங்க!"

"நவமணி பொய் சொல்லுமா? நீங்கதான் சொல்லுவீங்க!"

உறுப்பினர்களில் ஒருவர் குழந்தைவேலுவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இன்னொருவர் தன் அப்பனே அந்தக் குளத்தில்தான் நீச்சல் பழகினார் என்று கண் கலங்கினார். கூட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. தாங்கள் மூடத் தீர்மானிக்கவில்லை என்று நிரூபிக்க உறுப்பினர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. கரட்டுக்குளத்தை எந்தக் காலத்திலும் மூடுவதில்லை என்று அங்கேயே, சன்னல் வழியாக எருமைகள் பார்த்துக்கொண்டிருக்க, தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக.

சாயங்காலச் செய்தி நேரத்தில் குழந்தைவேலு நிலையத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தான் இரண்டைக் காணவில்லை. அவர் கத்துவார் என்று நவமணி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"ஏனுங் அம்மிணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மீன் மழையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் சுருங்கியது.

"அப்ப... நாற்பது வருசம் கழிச்சு நான் குளத்தை மூடுனவனுங்களா? மூடாமயேவா? என்ர பேரன் காதுல அதுதான் விழுகுமா?" அவர் பொத்தானில்லாத சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். "அப்போதையன்னே இருந்திருக்கலாமுங்க."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. குளத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒரு மனிதரைக் காலத்துக்கும் கரியைப் பூசி நிறுத்திவிட்டோமே என்று மனசு கனத்துப்போயிற்று. "மறுப்பு வாசிக்கறனுங்க" என்று உட்கார்ந்தாள். மனப்பூர்வமாக வாசித்தாள். தலைவர் குழந்தைவேலு குளத்தை மூடவில்லை, மன்றம் ஒருமனதாகக் குளத்தைக் காத்தது, முன்பு வாசித்த செய்தி தவறு, தவறு என்னுடையது. குழந்தைவேலு கைகூப்பியபடியே கேட்டார்.

முடித்துத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்சுதீன் தலையில் கை வைத்திருந்தார்.

"எருமைக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு இப்பத்தானுங்க ஓடியாந்தேன்... பதிவுப் பொத்தானை அமுக்கலீங்க அம்மிணி."

"அதானுங்க," என்றாள் நவமணி களைத்துப்போய். "அந்தப் புள்ளை காலையில மறுப்பைப் பத்தி ஒன்னுமே சொல்லல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கோணும்."

"நாளைக்கு வாசிச்சுப் பதிஞ்சு வெச்சுக்கலாமுங்க" என்று குழந்தைவேலு கெஞ்சினார். சரி என்றாள்.

மறுநாள் காலை மூவரும் காதுக்கருவியோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"வணக்கம். நான் இந்த ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. வந்ததிலிருந்து இந்த அறையைவிட்டு வெளியே போனதும் குறைவு. கரட்டுக்குளம் மூடப்பட்டது என்று நேற்று வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ‘ஏம்மிணி, நாங்க இப்பத்தான் அதுல குளிச்சுப்போட்டு வர்றோம்’ என்றார்கள். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். இப்போது கரையில் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். கேளுங்கள்."

அவள் பேச்சை நிறுத்தினாள். தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் வந்தது. யாரோ குதித்தார்கள். ஓர் எருமை மூச்சுவிட்டது. நவமணி காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நாற்பது வருசம் கழித்து அடிக்கப்போகிற அலை. இருக்கிறது. குளம் இருக்கிறது.

"ஆக, நவமணி என்கிற பழைய செய்தி வாசிப்பாளர் பொய் சொல்லியிருக்கிறார்" என்று அந்தக் குரல் தொடர்ந்தது. "மீன் மழையையும் நான்தான் நம்பி வாசித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னதில் எது நிஜம், எது கட்டுக்கதை என்று இனி எனக்குத் தெரியாது. அதனால் அவருடைய பதிவுகளை இனிமேல் வாசிக்கப்போவதில்லை. நாளையிலிருந்து இந்த நேரத்தில் நீங்களே வந்து பேசுங்கள். இந்தக் குளத்தை அன்று யார் காப்பாற்றினார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் வாருங்கள். பதிவு எதுவும் இல்லை."

நவமணி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாலு பேரை விசாரிக்காமல் ஒரு வரி வாசிக்காதவள் என்ற பெயர் அவளுக்கு இருபது வருட உழைப்பு. அது போனவிதம் இப்படி. கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரத்திலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அந்தப் பெண் கடைசியில் அறையைவிட்டு வெளியே போய்ப் பார்த்திருக்கிறாள் என்பதற்காக.

குழந்தைவேலு தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் அம்மிணி... ஆரு காப்பாத்துனாங்கன்னு பதிவு இல்லைங்குதே அந்தப் புள்ளை?"

"ஆமாங்க."

"தீர்மானத்துல என்ர கையெழுத்துந்தானுங்க இருக்குது. நான்தான் காப்பாத்துனேன்னு ஒரே ஒரு வரி வாசிச்சு வெச்சுடலாமுங்களா?"

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"தாராளமா வாசிக்கறனுங்க தலைவரே. நான் சொன்னா ஆரு நம்புவா?"